தவக்கைக் குழுவின் தலைமைத்துவம்

குணலட்சுமிக்குத் தலைமைத்துவம் தேவைப்பட்டது 1993ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். அதுவரை இருபத்தொரு வருடங்கள் அது இல்லாமலே சமாளித்து வந்தாள்.

அளவெட்டியில் அவர்களுக்கு ஒரு துண்டு வெங்காயத் தோட்டம் இருந்தது. தகப்பனுக்கு நாரிப்பிடிப்பு, குனிந்து வேலை செய்ய முடியாது. மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் மூலையில் கிடந்தது. கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க அயலாரை முறை வைத்துக் கூப்பிட்டவள் குணலட்சுமி. சங்கக்கடை வரிசையில் சண்டை வந்தால் விலக்குப் பிடித்தவளும் அவள்தான். விமானக் குண்டுக்குப் பயந்து வீட்டு வளவுக்குள் பங்கர் வெட்டியபோது, மண் அள்ள வந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் களைத்துப்போய் இருந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவளும் அவளே. ஆனால் இதற்கெல்லாம் ஒருவரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தொண்டர் ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பத்தில் ஒன்பதாம் கேள்வி, ‘தலைமைத்துவப் பயிற்சி பெற்றவரா? சான்றிதழை இணைக்கவும்’ என்றிருந்தது. அந்த இடத்தில் அவள் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கோட்டை அழித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடத்துக்குப் போனாள்.

குடாநாட்டு இளையோர் தலைமைத்துவ இயற்கைநேய மன்றம் அங்கேதான் இருந்தது. அதன் பணிப்பாளர் தியாகலிங்கம், ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டில் ஆறு கிழமை பயிற்சி பெற்றுத் திரும்பியவர். வரும்போது ஒரு கம்பளித் தொப்பியும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கைந்நூல் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். கைந்நூலில் மலை இருந்தது, ஆறு இருந்தது, பனி இருந்தது, கரடியும் இருந்தது. குடாநாட்டில் இவற்றில் ஒன்றும் இல்லை. அது குடாநாட்டின் குறை என்பது அவருடைய அபிப்பிராயம்.

பயிற்சி மூன்று நாள். பண்டத்தரிப்பில், கனடாவுக்குப் போய்விட்ட ஒருவருடைய மாந்தோப்பில் நடந்தது. முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். தியாகலிங்கம் தொடக்கவுரை ஆற்றினார்.

“அன்பான இளையோரே! இயற்கையின் முன்னால் நாம் எல்லோரும் சமம். இங்கே பெரியவன் இல்லை, சிறியவன் இல்லை. ஆகவே எல்லோரும் மண்ணில் வட்டமாக உட்காருங்கள். அந்தக் கதிரையில் மட்டும் ஒருவரும் இருக்கவேண்டாம், அது என்னுடையது. தலைமைத்துவத்தின் முதலாவது குணம் பிறர் சொல்வதைச் செவிமடுத்தல். அதைப் பற்றி நான் இப்போது ஒன்றேகால் மணித்தியாலம் பேசுவேன். இடையில் ஒருவரும் கதைக்கக்கூடாது.”

சொன்னபடியே பேசினார்.

பிறகு குழுப் பிரிப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் வலிமையான ஒரு காட்டுவிலங்கின் பெயர் வைக்கவேண்டும் என்று கைந்நூலின் பதினோராம் பக்கம் சொன்னது. அங்கே கொடுத்திருந்த முதலாவது பெயர் சிங்கம். தியாகலிங்கம் வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அதை வெட்டினார். இரண்டாவது பெயர் புலி. இந்த முறை வேலியின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“உதுக்கு அனுமதி எடுக்கவேணும்” என்றார் மெதுவாக.

“ஆரிட்டை சேர்?” என்று உதவியாளர் கனகரத்தினம் கேட்டார்.

“அதைத்தான் சத்தமாச் சொல்லேலாது.”

மூன்றாவது பெயர் கரடி. அது ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லாத விலங்கு. ஆனால் கரடிக் குழுவில் சேர எந்தப் பெண்பிள்ளையும் சம்மதிக்கவில்லை. ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, அரசியல் தொடர்பு ஏதும் இல்லாதவை என்று உறுதி செய்யப்பட்ட நான்கு உயிரினங்கள் தெரிவாகின: ஓணான், கீரி, புலுனிக் குருவி, தவக்கை என்ற தவளை. குணலட்சுமி தவக்கைக் குழுவில் விழுந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த தவக்கை, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து தோப்புக்கு அடுத்த வளவில் கொட்டில் போட்டிருந்த றோஸ் என்பவள். தகப்பன் கடற்றொழிலாளி, கடலை விட்டு வந்தபிறகு அவருக்குத் தொழில் இல்லை. தாய் லூர்த்தம்மா ஒரு மாட்டை வைத்துப் பால் விற்று வீட்டை நடத்தினாள்.

“நீர் என்னத்துக்கு வந்தனீர்?” என்று குணலட்சுமி கேட்டாள்.

“மத்தியானம் சோறு தருகினமாம்” என்றாள் றோஸ். “நீர்?”

“செற்றிபிக்கற்.”

“அதைத் தின்னேலாதே” என்று சொல்லிவிட்டு றோஸ் சிரித்தாள்.

முதல் நாளின் முக்கிய பயிற்சி ஆறு கடத்தல். சுண்ணாம்பால் இரண்டு கோடு கீறி, நடுவில் உள்ள மணலை ஆறு என்று கனகரத்தினம் அறிவித்தார். ஆற்றுக்குள் முதலைகள் இருந்தன. ஐந்து காகிதத் தாள்களை மிதவையாகப் போட்டு, அவற்றின் மேல் மட்டும் கால் வைத்து எட்டுப் பேரும் அக்கரை போகவேண்டும். காகிதத் தட்டுப்பாடு காரணமாக ஐந்து வாழைச்சருகுகள் தரப்பட்டன. மூன்றாவது சருகில் றோஸின் குதிக்கால் மணலில் பட்டுவிட்டது.

“நீங்கள் செத்துப்போனீங்கள்” என்றார் தியாகலிங்கம்.

“போன மாதந்தான் சேர் கிளாலிக் கடலாலை வந்தனான். கச்சான் காத்து, வள்ளத்துக்கை பதினாறு பேர், அரைவாசித் தண்ணி. பாத்திரத்தாலை அள்ளி அள்ளி ஊத்தினம். அங்கை நான் சாகேல்லை.”

“அது வேறை. அதிலை கற்றல் நோக்கம் இல்லை” என்றார் தியாகலிங்கம். றோஸ் இறந்தவர்களுக்கான மாமரத்தடியில் போய் இருந்தாள்.

இந்தக் கட்டத்தில் வடக்குப் பக்கமிருந்து பொம்மர் வரும் சத்தம் கேட்டது. யாரும் கட்டளை கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு பேரும் எழுந்தார்கள். கிட்ட நின்றவர்கள் முதலில், எட்ட நின்றவர்கள் அடுத்ததாக, தோப்பின் பின்புறத்தில் இருந்த இரண்டு பங்கர்களுக்குள்ளும் நெரிபடாமல் இறங்கினார்கள். கால் சுளுக்கியிருந்த ஒரு கீரியை இரண்டு ஓணான்கள் தூக்கி வந்தார்கள். சமையலுக்கு வந்த ஆச்சியை ஒரு புலுனி கையைப் பிடித்து இறக்கியது. கைந்நூலைத் தேடிக்கொண்டு நின்ற தியாகலிங்கத்தை குணலட்சுமியும் றோஸும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தள்ளினார்கள். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. சத்தம் ஓய்ந்ததும் எல்லோரும் வந்த ஒழுங்கிலேயே வெளியே ஏறினார்கள்.

தியாகலிங்கம் தொப்பியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பதினொரு நிமிசம் வீணாய்ப் போச்சு” என்றார். “சரி. இனி, குழுவாக இயங்குவது என்றால் என்ன என்று படிப்பம்.”

இரண்டாம் நாள் சிலந்தி வலை. இரண்டு மரங்களுக்கு நடுவே கயிற்றால் ஒரு பெரிய வலை பின்னி, அதன் ஓட்டைகளுக்குள்ளால் கயிற்றில் படாமல் ஆட்களை மறுபக்கம் அனுப்பவேண்டும். இதற்கு நூறு மீற்றர் கயிறு தேவை என்று கைந்நூல் சொன்னது. குடாநாட்டில் அப்போது நூறு மீற்றர் கயிறு கடையில் வாங்க முடியாது. கனகரத்தினம் விடியற்காலையிலேயே சைக்கிளில் புறப்பட்டு, அயல் வீடுகளின் கிணற்றுக் கயிறு, கொடிக் கயிறு, வண்டில் கட்டும் வடம் எல்லாவற்றையும் மன்றத்தின் கடிதத்தைக் காட்டி இரவல் வாங்கி வந்தார். இயற்கையோடு ஒன்றும் பொருட்டு அன்றைக்குப் பண்டத்தரிப்பில் பதினான்கு வீட்டார் குளிக்கவில்லை.

அப்படியும் கடைசி மூலைக்கு ஐந்து முழம் குறைந்தது. லூர்த்தம்மாவின் மாடு வேலியோரம் பூவரசில் கட்டியிருந்தது. கனகரத்தினம் சுற்றும் முற்றும் பார்த்தார். மாட்டை அவிழ்த்தார். பூவரசைச் சுற்றி நாலு ஓலைகளைச் செருகி, அது ஒரு பட்டி என்று மாடு நம்பிவிடும் என எதிர்பார்த்தார். மாடு ஒரு நாள் வரை நம்பியது.

வலை அழகாக வந்திருந்தது. ஆனால் அந்த ஓட்டைகளுக்குள்ளால் பெண்பிள்ளைகளை ஆண்பிள்ளைகள் தூக்கி அனுப்புவது எப்படி என்ற கேள்வி எழுந்தது. அப்படி ஒரு கேள்வி எழக்கூடும் என்று கைந்நூலை எழுதிய குளிர்நாட்டுக்காரர் எண்ணியிருக்கவில்லை. கடைசியில் தியாகலிங்கம் முடிவு சொன்னார்:

“பெண்பிள்ளையள் எல்லாரும் அந்தப் பக்கமாச் சுத்திப் போய் நிண்டு, வலைக்குள்ளாலை வந்தமாதிரி உணருங்கோ.”

அவர்கள் சுற்றிப் போய் நின்று உணர்ந்தார்கள். வலையை அவிழ்க்கக்கூடாது என்றும், மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிரதம விருந்தினர் வரும்போது படம் எடுக்கவேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது. கமராவில் பிலிம் இரண்டு படத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. வேறு பிலிம் குடாநாட்டிலேயே இல்லை.

மூன்றாம் நாள் காலை மௌன உறவு. ஆளுக்கொரு மரத்தைத் தெரிவு செய்து, கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, அரை மணித்தியாலம் அதனிடம் மனத்தைத் திறக்கவேண்டும். குணலட்சுமி ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்தாள். அதற்குச் சொல்ல அவளிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வெங்காயத்துக்கு இன்றைக்குத் தண்ணீர் விடும் முறை, தம்பி மறக்காமல் துலாவுக்கு ஆள் பிடித்திருப்பானோ தெரியாது என்று சொன்னாள். முசுறு எறும்பு கழுத்தில் ஏறியது. சான்றிதழை நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் போயிருக்கும். தோப்பின் கோடியில் ஏதோ ‘தொபீர்’ என்றது. அதைத் தொடர்ந்து, அடித்தொண்டையில் இருந்து, நீளமாக, கிணற்றின் எதிரொலியோடு ஒரு குரல் வந்தது.

தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. “கண்ணைத் திறவாதையுங்கோ” என்று மெல்லச் சொன்னார். “கேக்குதா? இதுதான் இயற்கையின் குரல். இது உங்களுக்கு ஏதோ சொல்லுது.”

முப்பத்திரண்டு பேரும் கண்ணை மூடியபடி கேட்டார்கள். குரல் மறுபடி வந்தது.

“அது எங்கடை மாடு” என்றாள் றோஸ்.

“உஸ்ஸ்! பெயர் வையாதையுங்கோ. பெயர் வைச்சால் அனுபவம் போயிடும்.”

அதற்குள் லூர்த்தம்மா வேலியைப் பிரித்துக்கொண்டு தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “ஐயோ, என்ரை மாடு கிணத்துக்கை! ஏழு மாதச் சினையெல்லே! அதை அவிட்டது ஆர்?”

கனகரத்தினம் வானத்தைப் பார்த்தார். பொம்மர் ஏதும் இல்லை.

எல்லோரும் ஓடினார்கள். தோப்புக் கிணற்றின் கட்டு இடிந்து கிடந்த பக்கத்தால் மாடு உள்ளே விழுந்திருந்தது. இருபதடி ஆழம். தண்ணீர் அதன் கழுத்துவரை நின்றது. அது தலையை நிமிர்த்தி, மேலே தெரிந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கொஞ்சம் களைத்தால் தலையைத் தாழ்த்திவிடும் என்று குணலட்சுமிக்குத் தெரிந்தது.

“கயிறு!” என்றாள். “அயலிலை ஒரு வீட்டிலையும் கயிறு இல்லை. கனகரத்தினம் அண்ணை, வலையை அவிழுங்கோ.”

கனகரத்தினம் பணிப்பாளரைப் பார்த்தார்.

“வலையிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது” என்றார் தியாகலிங்கம். “மூண்டு மணிக்குப் பிரதம விருந்தினர் வாறார்.”

“மாடு தாழப்போகுது சேர்.”

“பதட்டப்படாதையுங்கோ. இது ஒரு அருமையான பிரச்சினை, இப்படி ஒண்டு கிடைக்கிறது கஷ்டம். எல்லாரும் வட்டமா இருங்கோ. பக்கம் நூற்றி நாப்பது, பிரச்சினையை இனங்காணல்.”

“பிரச்சினை மாடு சேர்” என்றாள் றோஸ்.

“அது உங்கடை கருத்து. மற்ற ஆக்கள் என்ன நினைக்கினம் எண்டும் கேக்கவேணும்.”

ஓணான் குழு வட்டமாக இருந்தது. அவர்களுக்குப் படிவம் வழங்கப்பட்டது. குணலட்சுமி ஒரு கணம் நின்றாள். ஒன்பதாம் கேள்வி அவள் கண்முன்னால் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து மாடு மறுபடி கூப்பிட்டது. அவள் திரும்பி வலையை நோக்கி ஓடினாள். றோஸ் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். வலைப்பின்னலில் பிறந்து வளர்ந்த கைகள். கனகரத்தினம் இரண்டு மணித்தியாலம் போட்ட முடிச்சுகள் இரண்டு நிமிடத்தில் உதிர்ந்தன.

“நல்ல வடத்தை மூண்டு பட்டாச் சேர்த்து முறுக்குங்கோ! கீரியள் நாலு பேர், அந்தப் பனங்குத்தியை உருட்டி வந்து கிணத்துக்குக் குறுக்கை போடுங்கோ! ஆச்சி, சமையலடியிலை கிடக்கிற படங்கைத் தாங்கோ!” குணலட்சுமிக்கே தெரியாமல் அவளுடைய குரல் உயர்ந்துகொண்டு போனது. “நீச்சல் தெரிஞ்சது ஆர்?”

“நான் இறங்கிறன்” என்றாள் றோஸ். பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, கல்லுப் படிகளில் கால் வைத்து இறங்கினாள். இரண்டு இளைஞர்கள் பின்னால் போனார்கள். மாட்டின் வயிற்றுக்குக் கீழே படங்குத் துணியை நுழைத்து, நான்கு மூலையிலும் கயிறு போட்டு, சினை வயிற்றை நெரிக்காத மாதிரி முடிச்சுப் போட்டாள் றோஸ். இடையிடையே மாட்டோடு ஏதோ கதைத்தாள். மேலே இருபது பேர் வடத்தைப் பிடித்தார்கள். புலுனிகளும் கீரிகளும் தவக்கைகளும் யார் யாரென்று தெரியாமல் கலந்து நின்றார்கள்.

“நான் சொல்லேக்கை மட்டும் இழுங்கோ. ஏலேலோ எண்டு பாட்டொண்டும் வேண்டாம், மூச்சு வீண். ஒண்டு, ரெண்டு, இழு! பிடி. விடாதை! ஒண்டு, ரெண்டு…”

மாடு நீரை விட்டு மேலே வந்தது. கால்கள் நான்கும் காற்றில் தொங்கின. அது பாதிக் கிணற்றில் நின்றபோது தியாகலிங்கத்தின் குரல் கேட்டது.

“அப்பிடியே பிடியுங்கோ! அப்பிடியே! கனகரத்தினம், கமரா!” கிணற்றடிக்கு வந்து, மாட்டுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று, வழிகாட்டுபவரைப் போல வலதுகையை நீட்டினார்.

வடம் குணலட்சுமியின் உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்தது. “சேர்!” என்று அவள் கத்திய கத்தலில் ஓணான்கள் படிவத்தைக் கீழே போட்டார்கள். “படத்தை விட்டிட்டு வடத்தைப் பிடியுங்கோ!”

இந்த வாழ்க்கையில் அப்படியொரு கட்டளை தியாகலிங்கத்துக்குக் கிடைத்ததில்லை. யோசிக்க முன்னமே அவருடைய கை வடத்தைப் பிடித்துவிட்டது. அந்தக் கணத்தில் கனகரத்தினம் பொத்தானை அழுத்தினார்.

இன்னும் பதினாறு இழுவையில் மாடு இடிந்த கட்டுக்கு மேலால் வெளியே வந்து, சரிந்து விழுந்து, எழுந்து நின்று, சாணம் போட்டது. யாரும் கற்றுக்கொடுக்காமலே லூர்த்தம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்த றோஸ், மாட்டின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு குணலட்சுமியைப் பார்த்துத் தலையாட்டினாள். “துடிக்குது” என்றாள். குணலட்சுமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பிரதம விருந்தினர் வரவில்லை. அவருடைய சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டதாம். தியாகலிங்கம் நிறைவுரை ஆற்றினார்.

“இன்று காலை ஒரு குழப்பம் நடந்தது. சிலர் உணர்ச்சிவசப்பட்டு ஒரு மாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். அதை நான் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து என்ன கற்றோம்? ஒன்றுமில்லை. ஏனென்றால் படிவம் நிரப்பப்படவில்லை. ஓணான் குழு மட்டுமே கடைசிவரை பொறுமையாக ஆராய்ந்து பிரச்சினையை இனங்கண்டது.”

ஓணான் குழு இனங்கண்ட பிரச்சினை, ‘கால்நடைகளிடையே விழிப்புணர்வின்மை’. அந்த எட்டுப் பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. மற்றவர்களுக்குப் பங்குபற்றியதற்கான கைதட்டல் கிடைத்தது. குணலட்சுமிக்கு மட்டும், பழைய கொப்பித் தாளின் பின்பக்கத்தில் எழுதிய மதிப்பீட்டுக் கடிதம் ஒன்று தரப்பட்டது. அதை அவள் வீதியில் சைக்கிளை நிற்பாட்டி வாசித்தாள்.

‘மௌனம் காத்தல்: இல்லை. கலந்தாலோசித்தல்: இல்லை. அனுமதியின்றி வலையைக் குலைத்தார். கிணற்றடியில் மிக உரத்த குரலில் ஏறத்தாழ இருபது பேருக்கும் ஒரு பணிப்பாளருக்கும் கட்டளையிட்டார். தலைமைத்துவத்துக்குத் தகுதியற்றவர்.’

வீடுவரை அழுதுகொண்டு போனாள். முற்றத்தில் தம்பி துலாவுக்கு ஆள் பிடிக்காமல் பந்தடித்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏசத் தொடங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத்துக்குப் போனபோது வேறு ஒன்றும் இல்லாததால் அந்தக் கடிதத்தையே கொண்டுபோனாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அதிபர் ஞானாம்பிகை, கூரை போன பள்ளிக்கூடத்தை ஒரு வேம்பின் கீழ் நடத்திக்கொண்டிருந்தவர். கண்ணாடியைச் சரிசெய்து கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“இதிலை எழுதியிருக்கிறது உண்மையோ பிள்ளை?”

“ஓம் ரீச்சர்” என்றாள் குணலட்சுமி, தலையைக் குனிந்துகொண்டு.

“பணிப்பாளரும் சொன்னதைக் கேட்டவரோ?”

“ஓம்.”

“மாடு?”

“கண்டு போட்டிட்டுது ரீச்சர். நாகு, பசுக்கண்டு.”

ஞானாம்பிகை பின்னால் திரும்பிப் பார்த்தார். வேம்பின் கீழ் ஐந்தாம் வகுப்பில் அறுபத்து மூன்று பிள்ளைகள், ஒரே நேரத்தில், அறுபத்து மூன்று விதமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவர் இல்லை, மேசை இல்லை, கரும்பலகையில் பாதிதான் இருந்தது.

“திங்கட்கிழமை வாறதுக்கு ஏலுமோ?” என்று கேட்டார். “ஏன் திங்கட்கிழமை? இப்பவே போய் உவையளை ஒருக்கா இருத்தும் பாப்பம்.”

பயிற்சி முடிந்து ஐந்து மாதம் கழித்து, தை மாதம் ஒருநாள், தியாகலிங்கம் அதே வேம்படிக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் பெரும் மகிழ்ச்சி.

“தங்கச்சி, உங்களைத்தான் தேடி வாறன். அந்தப் படம் இருக்கெல்லே, நான் முன்னுக்கு நிண்டு வடம் பிடிக்கிறது? அறிக்கையோடை வைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பினனான். அங்கை எல்லாருக்கும் பெரிய சந்தோசம். உண்மையான மாட்டை வைச்சு இப்பிடி ஒரு பயிற்சி உலகத்திலை வேறெங்கையும் நடக்கேல்லையாம். கைந்நூலிலையும் சேர்த்திட்டினம், பயிற்சி இலக்கம் நாப்பத்தெட்டு. வாற பங்குனியிலை அஞ்சு இடத்திலை நடத்தப்போறம். நீங்கள் பயிற்சி குடுக்கிற வளவாளரா வரவேணும்.”

குணலட்சுமி எழுதிக்கொண்டிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தாள்.

“மாட்டை ஆர் சேர் கிணத்துக்கை இறக்கிறது?”

“அதுக்கொரு உபகுழு அமைச்சிருக்கிறம். நான்தான் தலைவர். கனகரத்தினம் செயலாளர். இன்னும் ஏழு பேர் இருக்கினம்.”

“மாடு பாவம் சேர்” என்றாள் அவள், வகுப்பில் தவறு விட்ட பிள்ளைக்குச் சொல்லும் பொறுமையோடு. “மாட்டை விடுங்கோ. உபகுழுவை இறக்குங்கோ. பிள்ளையள் தூக்கிப் பழகட்டும்.”

தியாகலிங்கம் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அதை ஒரு ஆலோசனையாகக் குறித்துக்கொண்டார்.